‘ம்’ எங்கே கொட்டுவது, நாய்க்கு இறைச்சித் துண்டு எப்போது கொடுப்பது

வெள்ளவத்தையில் ஒரு சீலைக் கடை. பின்னேரம் ஐந்தரை, காலி வீதியில் பஸ் ஹோர்ன் ஓயாத நேரம். தாயும் மகளும் உள்ளே வருகிறார்கள்.

“தம்பி, பிள்ளைக்கு வாற மாதம் எழுத்து. ஒரு சீலை பாப்பம் எண்டு வந்தனாங்கள். அவவுக்குப் பாரமானது ஒத்துவராது.”

“இருங்கோ அன்ரி. எவ்வளவு மட்டில பாக்கிறியள்?”

அவ்வளவுதான். அடுத்த அரை மணித்தியாலமும் விலைப்பேச்சாகவே ஓடும். தாய் சொன்னது மூன்று விடயம்: எழுத்து (கலியாணப் பதிவு), வாற மாதம், பாரம் ஒத்துவராது. அந்த மூன்றையும் விட்டுவிட்டு, அவர் வாயே திறக்காத நாலாவதைத் தம்பி பிடித்துக்கொண்டார். இந்தக் கடையில் எதைக் கதைத்தால் காது கிடைக்கும் என்பது தாய்க்கு உடனே விளங்கிவிடும். இனி அவரும் விலையைத்தான் கதைப்பார்.

அதே தொடக்கத்தை வேறு மாதிரிக் கொண்டுபோகலாம்.

“இருங்கோ அன்ரி. பாரம் எண்டால்...?”

“தமக்கையின்ர கலியாணத்துக்குக் கட்டினது நல்ல கனமான பட்டு. கொசுவம் நிக்கேல்லை. நாள் முழுக்க இழுத்து இழுத்துக்கொண்டு நிண்டவ. போட்டோவில முகமே சரியில்லை.”

“ம்... போட்டோவில.”

“ஓம் தம்பி. தன்ர எழுத்திலயெண்டாலும் பிள்ளை சிரிச்சுக்கொண்டு நிக்கோணும்.”

நாற்பது செக்கன் கூட ஆகவில்லை. கனமில்லாத துணி, கொசுவம் குலையாத துணி, படத்தில் எடுப்பாகத் தெரியும் கரை என்று தேட வேண்டியது கைக்கு வந்துவிட்டது. விலையும் வரும், தன் நேரத்துக்கு வரும். அது வரும்போது எந்தச் சீலையின் விலை என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும்.

இரண்டாவது உரையாடலில் வேலை செய்தது அந்த ‘ம்’. கதை சொல்கிறவருக்கு எதிரே இருப்பவர் ‘ம்’ கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும் என்பது எங்கள் வீடுகளில் அம்மம்மாவின் மடியிலேயே படித்த பாடம். 1955 இல் கிறீன்ஸ்பூன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை ஆய்வாகவே செய்து வெளியிட்டார். வாயில் வந்த சொற்களைச் சொல்லிக்கொண்டே போகும்படி ஆட்களைக் கேட்டார். பன்மைப் பெயர்ச்சொல் வந்தபோதெல்லாம் ‘ம்ஹும்’ என்று ஆமோதிக்கும் ஒலி மட்டும் கொடுத்தார். பன்மைச் சொற்கள் கூடிக்கொண்டே போயின. அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்னர், 1898 இல், தோர்ன்டைக் என்ற இன்னொரு அமெரிக்க உளவியலாளர் பூனைகளைக் கூண்டில் விட்டு எழுதிவைத்ததும் இதன் மூத்த பாடம்தான்: எந்தச் செயலை ஒட்டி நல்லது கிடைக்கிறதோ, அந்தச் செயல் திரும்ப வரும்.

வீட்டில் நாய் வளர்ப்பவருக்கு இது தெரிந்தே இருக்க வேண்டும். கடையில் நிற்பவருக்கும் தெரிந்தால் நல்லது. வாடிக்கையாளரையும் நாயையும் ஒரே தட்டில் வைக்கும் பேச்சல்ல இது. இரண்டு இடத்திலும் பழக்கவேண்டியது எங்கள் நாக்கையும் கையையுமே. எதற்குப் பதில் கொடுக்கிறோம், எந்த நொடியில் கொடுக்கிறோம் என்பதில்தான் இரண்டு வேலையும் நிற்கிறது.

கடையில்

வாடிக்கையாளர் ஒரு வசனத்தை முடித்ததும் மனதுக்குள் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணிவிட்டு வாயைத் திறவுங்கள். பலரும் வீட்டிலிருந்தே ஆயத்தம் பண்ணிக்கொண்டு வரும் வசனம்தான் முதலில் வரும். உண்மையான தேவை அதற்குப் பின்னால் வரும் இரண்டாவது வசனத்தில் இருக்கும். அந்த இரண்டு செக்கனுக்குள் நீங்கள் புகுந்தால் அது வெளியே வராது. அதே நேரம் நாலு, ஐந்து செக்கன் என்று இழுத்தாலும் கெட்டுவிடும். ‘இவருக்கு விருப்பமில்லைப் போல’ என்று நினைத்து அவர் பையைத் தூக்கிவிடுவார். எண்ணும்போது கை சீலை மடித்துக்கொண்டிருக்கக் கூடாது. போன் மேசையில் கவிழ்ந்திருக்க வேண்டும். வயதானவர்களின் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. முகத்தைப் பார்ப்பதும் இடைக்கிடை துணியைப் பார்ப்பதுமாக நில்லுங்கள்.

அடுத்தது, அவர் சொன்ன சொல்லையே திருப்பிக் கொடுப்பது. இரண்டு மூன்று சொல் போதும், குரல் கேள்வி போலக் கொஞ்சம் உயர வேண்டும். “பாரம் எண்டால்...?” என்பது அதுதான். ஒரு உரையாடலில் இரண்டு தரத்துக்கு மேல் இதைச் செய்தால் கிளிப்பிள்ளை போலாகிவிடும். எந்தச் சொல்லைத் திருப்புவது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. “விலை கூடாமல், சாயம் போகாமல், அம்மா கட்டுறமாதிரி ஒண்டு” என்று ஒருவர் கேட்டால் மூன்றில் எதை எடுப்பீர்கள்? பின்னால் கதை இருக்கும் சொல்லை. ‘அம்மா கட்டுறமாதிரி’ என்னும்போது குரல் மெதுவாகியிருக்கும், அல்லது அதை இரண்டாம் தரமும் சொல்லியிருப்பார். “அம்மா கட்டுறமாதிரி...?” என்று விட்டுப் பாருங்கள். நிறம், கரை, துணி எல்லாம் அவர் வாயாலேயே வரும்.

கேள்விகளில் ‘எப்ப’, ‘எங்க’, ‘எப்பிடி’ நல்லவை. ‘ஏன்’ கூடாது. “ஏன் கொட்டன் வேண்டாமெண்டுறியள்?” என்றால் குற்றம் பிடித்ததுபோலக் கேட்கும், அவர் காரணம் சோடிக்கத் தொடங்குவார். “கொட்டன் முந்திக் கட்டினபோது எப்பிடி இருந்தது?” என்றால் நடந்ததைச் சொல்வார். “எழுத்து வீட்டிலயோ, ஹோலிலயோ?” என்ற ஒரு கேள்வி கொழும்பில் பாதி வேலையை முடித்துவிடும். ஏசி ஹோலில் நாலு மணித்தியாலம் நிற்பவருக்கும், கொட்டாஞ்சேனையில் வீட்டு முன்னறையில் காற்றாடிக்குக் கீழே நிற்பவருக்கும் ஒரே துணி சரிவராது.

ஒரு சீலையைக்கூட விரிப்பதற்கு முன்னர், கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். “அப்ப அன்ரி, பாரமில்லாமல், கொசுவம் நிக்கிறதா, போட்டோவுக்கு எடுப்பா. சரியோ?” இப்போது பதிலை இன்னும் கவனமாகக் கேளுங்கள். “ஓம் ஓம், அதுதான்!” என்று வந்தால் விரிக்கலாம். ஒரு வெறும் “ஓம்” வந்தால் ஏதோ ஒன்றைத் தவறவிட்டிருக்கிறீர்கள். அப்போது “வேற ஏதும் இருக்கோ?” என்று கேட்காதீர்கள், அதற்கு “இல்லை” என்பதே பதில். “வேற என்ன யோசிச்சுக்கொண்டு வந்தனீங்கள்?” என்று கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டார் வாங்கியிருக்கும் கூறையின் நிறத்தோடு மோதக்கூடாது என்பது போல, எல்லாவற்றையும் மாற்றிவிடும் ஒன்று அப்போதுதான் வெளியே வரும்.

காட்டுவது மூன்று போதும். முப்பது சீலையை மேசையில் குவித்தால் வாடிக்கையாளர் களைத்துப்போவார், களைத்தவர் முடிவெடுக்க மாட்டார். வேண்டாமென்றதை உடனே மடித்து ஓரமாக வையுங்கள், ஆனால் மடிக்கும்போது “கரையோ, நிறமோ, பாரமோ?” என்று ஒரே ஒரு கேள்வி. அந்தப் பதில்தான் அடுத்த சீலையை எடுத்துத் தரும். வாய் சொல்வதைப் போலவே கையும் சொல்லும். ‘இது பரவாயில்லை’ என்று சொல்லிக்கொண்டே அடுத்ததைப் பார்ப்பவரின் இடது கை முந்தின சீலையின் தலைப்பிலேயே கிடந்தால், அதைத் திரும்ப விரியுங்கள். கதைக்காமல் நிற்பவரையும் மறக்கவேண்டாம். கட்டப்போவது மகள். தாயோடு பத்து நிமிடம் கதைத்துவிட்டு மகளை ஒரு தரமும் பார்க்காத விற்பனை, “சரியம்மா, பிறகு பாப்பம்” என்று மகள் தாயின் கையைப் பிடிப்பதோடு முடியும்.

கொழும்புக் கடைகளில் மொழி ஒன்றாக இருப்பதில்லை. புறக்கோட்டையில் ஒரே மேசையில் தமிழில் தொடங்கும் கதை சிங்களத்தில் போய் ஆங்கிலத்தில் முடியும். அவர் மாறும்போது நீங்களும் மாறுங்கள். ஏலாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், பாதி விளங்கியதோடு தலையாட்டாதீர்கள். இலக்கங்களைக் கல்குலேட்டரில் அடித்துக் காட்டினால் பிழை வராது. தேவையைக் குறித்த சொல்லை மட்டும் அவர் சொன்ன மொழியிலேயே வைத்திருங்கள். அவர் ‘சொஃப்ட்’ என்றால் நீங்களும் ‘சொஃப்ட்’ என்றே சொல்லுங்கள். ‘மென்மை’ என்று மாற்றினால் அவர் நினைத்தது அதுதானா என்று இருவருக்கும் தெரியாது.

இனி “பாத்திட்டு வாறம்”. கேட்கும் காதுக்கு இதில் குறைந்தது மூன்று பொருள் உண்டு. உண்மையாகவே இன்னொரு கடை பார்க்க வேண்டும். அல்லது பிடித்திருக்கிறது, ஆனால் கேட்டுச் சொல்ல வேண்டியவர் வீட்டில் இருக்கிறார். அல்லது ஏதோ ஒன்று பிடிக்கவில்லை, முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லை. “பாருங்கோ அன்ரி, நல்லது. இதில எது ஒண்டு சரியா இருந்திருந்தால் எடுத்திருப்பியள்?” என்று அமைதியாகக் கேட்டால் எதுவென்று தெரிந்துவிடும். வீட்டிலுள்ளவரைக் கேட்க வேண்டுமென்றால் வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக் கொடுங்கள், தலைப்பும் கரையும் ஒரே படத்தில் வரவேண்டும்.

பலர் இந்த இடத்தில் செய்வது வேறு. வாசல் வரை போனவரைக் கூப்பிட்டு விலையைக் குறைக்கிறார்கள். கவனியுங்கள், எந்தச் செயலை ஒட்டிக் கழிவு கிடைத்தது? கடையை விட்டு இறங்கிய செயலை ஒட்டி. அடுத்த முறை அவர் முன்கூட்டியே வாசலுக்குப் போவார். தெரிந்தவர்களுக்கும் சொல்லிவிடுவார். ஒரு நாள் கொடுத்து ஒரு நாள் கொடுக்காவிட்டால் இன்னும் மோசம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத கழிவுக்காக ஆட்கள் இன்னும் கூடுதலாக வாசலைத் தொட்டுத் திரும்புவார்கள். குறைக்கத்தான் போகிறீர்கள் என்றால், அவர் மேசையில் இருந்து “இதுதான் பிடிச்சிருக்கு, என்ன செய்து தருவீங்கள்?” என்று வெளிப்படையாகக் கேட்கும் நேரத்தில் கடைசி விலையைச் சொல்லிவிடுங்கள். வாசலிலும் அதே விலை, அதே மரியாதை.

“விலை கூடத் தம்பி” என்பதை எதிர்ப்பாக எடுக்கவேண்டாம். முறையிடுகிற வாடிக்கையாளர் இன்னும் உங்களோடு கதைத்துக்கொண்டிருக்கிறார். “இதென்ன அன்ரி, சந்தையிலயே இதுதான் விலை” என்று வாயடைத்தால் அடுத்த தரம் சொல்லமாட்டார், வரவும் மாட்டார். “கூட எண்டால், நினைச்சதை விடவோ, வேற இடத்தில பாத்ததை விடவோ?” என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வேறு.

போனிலும் வட்ஸ்அப்பிலும் வரும் குரல் செய்தியை முழுதாகக் கேட்டுமுடித்த பின் பதில் எழுதுங்கள். ரொறன்ரோவிலிருந்து இரண்டு நிமிடச் செய்தி அனுப்பும் அக்காவின் உண்மையான தேவை பெரும்பாலும் கடைசி இருபது செக்கனில் இருக்கும். கொழும்பு அங்கிருந்து ஒன்பதரை மணித்தியாலம் முன்னே, குளிர்காலத்தில் பத்தரை. எங்களுடைய காலை ஒன்பதுக்கு அழைத்தால் அவர் படுக்கப்போகும் நேரம். ஒரு கொப்பியில் பெயருக்கு நேரே அவர் சொன்ன சொல்லையே குறித்துவையுங்கள்: ‘பாரம் ஒத்துவராது. போட்டோ.’ ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளை வேறொரு கொண்டாட்டத்துக்குச் சீலை தேடி வரும்போது அந்த இரண்டு சொல்லும் உதவும்.

வீட்டில்

இனி நாய். இங்கே சொல்லை விட நேரம் முக்கியம், ஏனென்றால் “நேற்றுப் பின்னேரம் நல்லாய் இருந்தாயே, அதுக்குத்தான் இது” என்று நாய்க்கு விளங்கப்படுத்த ஏலாது. செயல் முடிந்து ஒரு செக்கனுக்குள் வருவதுதான் அந்தச் செயலோடு ஒட்டும். ஐந்து செக்கன் கழித்து வரும் துண்டு, அந்த ஐந்தாவது செக்கனில் நாய் செய்துகொண்டிருந்ததற்குப் போய்ச் சேரும். அது குரைத்துக்கொண்டிருந்தால் குரைத்ததற்கு.

துண்டு என்பது அவித்த கோழி நெஞ்சிறைச்சி. உப்பு, தூள் எதுவும் போடாமல் அவித்துப் பட்டாணி அளவில் வெட்டுங்கள். 50 கிராம் இறைச்சியில் ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஐம்பது துண்டு கிடைக்கும், சின்ன நாய்க்கு அதையும் பாதியாக்கலாம். பெரிய துண்டு கொடுத்தால் மென்றுகொண்டிருப்பதிலேயே பாடம் மறந்துபோகும், பத்துத் துண்டில் வயிறும் நிரம்பிவிடும். ஒரு நாளில் பரிசாகப் போவது மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் இரவுச் சாப்பாட்டைக் குறையுங்கள். கறியில் கிடந்த இறைச்சியைக் கழுவிக் கொடுப்பது வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு. சொக்கிலேற், திராட்சை, அதன் வற்றல், சைலிட்டோல் போட்ட சுயிங்கம் எல்லாமே அப்படித்தான். அவித்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். நெத்தலிக் கருவாட்டுக்கு நாய் உயிரை விடும், ஆனால் உப்பு அதிகம். கொழும்புச் சூட்டில் அவித்த இறைச்சி வெளியே தாங்காது. பிரிட்ஜில் வைத்து ஒரு தடவைக்குத் தேவையான துண்டுகளை மட்டும் வெளியே எடுங்கள்.

எந்த நொடிக்காகத் துண்டு கிடைக்கிறது என்பதைச் சொல்ல ஒரு அடையாளச் சொல் வேண்டும். கை பைக்குள் போய்த் துண்டை எடுத்து வருவதற்குள் நொடி கடந்துவிடும், சொல் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். ‘சரி’ நல்ல சொல்தான், ஆனால் வீட்டில் நாள் முழுக்க எல்லாரும் சொல்வதால் பயன்படாது. ‘டிக்’ போல வீட்டில் யாரும் சொல்லாத, குறுகிய ஒலி ஒன்றை எடுங்கள். முதல் நாள் நாயிடம் எதையும் கேட்கவேண்டாம். ‘டிக்’ என்று சொல்லி ஒரு துண்டு, சில செக்கன் விட்டுத் திரும்பவும் ‘டிக்’, துண்டு. பதினைந்து, இருபது தரம். ‘டிக்’ கேட்டதும் தலை உங்கள் பக்கம் திரும்பினால் சொல் ஏறிவிட்டது. இதில் எல்லாரும் விடும் பிழை, சொல்லும் கையும் ஒன்றாகப் போவது. அப்படிச் செய்தால் நாய் கையைத்தான் படிக்கும், சொல்லைக் கேட்காது. கை தொடையோடு ஒட்டியிருக்க, சொல் போன பின்னரே அசைய வேண்டும்.

ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை, சாப்பாட்டுக்கு முன். நடுப்பகலில் வேண்டாம். ஒழுங்கையிலும் தொடங்கவேண்டாம், கையில் இறைச்சி இருந்தால் தெருநாய்கள் கூடிவிடும், பிறகு சண்டை.

ஒவ்வொரு வீட்டிலும் கேட்கும் முறைப்பாட்டோடு தொடங்குவோம்: கேற்றைத் திறந்ததும் ஆள்மேல் பாய்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் வெள்ளைச் சட்டையெல்லாம் கால் அடையாளம். அப்பம்மா “வேண்டாம், வேண்டாம், இறங்கு!” என்று கையால் தள்ளுகிறார். நாயின் கணக்கில் அப்பம்மா பார்த்தார், கதைத்தார், தொட்டார். மூன்று பரிசு. பாயாமல் நின்ற நேரத்தில் என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை.

கேற்றுக்கு உட்பக்கம், நாய்க்கு எட்டாத உயரத்தில், துண்டு போட்ட மூடிப் பெட்டி ஒன்றை வையுங்கள். வெளியே போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு உள்ளே வாருங்கள். நாய் ஓடிவரும். பாய்வதற்கு முன்னர் நாலு காலும் நிலத்தில் இருக்கும் ஒரு அரைச் செக்கன் உண்டு, ‘டிக்’ அங்கே விழவேண்டும். துண்டை உங்கள் காலடியில், நிலத்தில் வையுங்கள். கையை உயர்த்திக் கொடுத்தால் நாயும் உயரும். அது தின்று முடிப்பதற்குள் அடுத்த ‘டிக்’, அடுத்த துண்டு, அதுவும் நிலத்தில். இப்படி ஐந்து. தலை கீழே இருக்கும் நாயால் பாய ஏலாது. இடையில் பாய்ந்துவிட்டால் கையைக் கட்டி, உடம்பைத் திருப்பி, மதிலைப் பாருங்கள். ஒரு சொல்லும் வேண்டாம். கால் நிலத்துக்கு வந்ததும் மனதுக்குள் ‘ஒன்று’ எண்ணி, ‘டிக்’. காலையும் மாலையும் ஐந்து ஐந்து தரம் இப்படிக் கேற்றைத் திறந்து வாருங்கள்.

மூன்றாம் நாலாம் நாளில் பாய்ச்சல் குறையாமல் கூடலாம். பலரும் ‘இது சரிவராது’ என்று கைவிடும் இடம் இதுதான். இத்தனை காலம் வேலை செய்த ஒரு வழி திடீரென்று வேலை செய்யாவிட்டால் எந்த உயிரும் முதலில் அதையே இன்னும் பலமாகச் செய்துபார்க்கும். லிஃப்ட் வராவிட்டால் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்குகிறோமே, அதேதான். இந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் மட்டும் இரக்கப்பட்டு “பாவம், வா வா” என்று தூக்கிவிட்டால், இன்னும் பலமாகப் பாய்ந்தால் கிடைக்கும் என்று நாய் படித்துவிடும். வாசலில் கொடுக்கும் கழிவின் கதைதான் இதுவும். ஆகவே வீட்டிலுள்ள எல்லாரையும் முன்கூட்டியே இருத்திச் சொல்லிவிடுங்கள். வேலைக்கு வரும் அக்காவுக்கும், ரியூசன் மாஸ்டருக்கும் கூட.

சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா ‘இரு’, பிள்ளை ‘சிற்’, வேலைக்கு வரும் அக்கா ‘வாடிவென்ன’ என்றால் நாய்க்கு அது மூன்று வேறு ஒலி. ஒன்றைத் தெரிவுசெய்து கேற்றில் எழுதி ஒட்டுங்கள். ஒரு தரம் சொல்லி மூன்று செக்கன் பொறுங்கள். ‘இரு, இரு, இரு, இருடா’ என்றால் நாலாவது ‘இரு’வுக்குத்தான் இருக்கவேண்டும் என்று அது எடுத்துக்கொள்ளும்.

குரைப்பதற்கு வருவோம். கொழும்பில் இதற்கு நல்ல உதாரணம், மெட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் சூன் பாண் ஓட்டோ. பீத்தோவனின் ‘ஃபியூர் எலீஸ்’ மெட்டு ஒழுங்கைக்குள் நுழைந்ததும் வீட்டுக்கு வீடு ஊளை. இங்கே இரண்டு வேலை இருக்கிறது. முதலாவது, மெட்டையே நல்ல செய்தியாக்குவது. போனில் பதிந்து, மிக மெல்லிய சத்தத்தில், காது மட்டும் அசையும் அளவுக்குப் போடுங்கள். மெட்டு தொடங்கி ஒரு செக்கன் கழித்துத் துண்டு. மெட்டு நின்றால் துண்டும் நிற்கும். முறை மாறக்கூடாது: துண்டு முதலில் வந்தால், இறைச்சி காட்டுவதே ஓட்டோ வருவதற்கு அடையாளமாகிப் போகும். பத்துத் தரத்துக்கு ஒரு தடவை சத்தத்தை ஒரு படி ஏற்றுங்கள். குரைத்தால் வேகமாக ஏற்றிவிட்டீர்கள், இரண்டு படி இறக்குங்கள். இரண்டாவது, அமைதிக்குக் கூலி. குரைப்பு நின்று இரண்டு செக்கன் அமைதி, ‘டிக்’, துண்டு. பிறகு மூன்று, ஐந்து, திரும்ப இரண்டு, எட்டு, நாலு. நேராக ஏறிக்கொண்டே போனால் ‘இது கடினமாகிக்கொண்டே போகிறது’ என்று நாய் விட்டுவிடும், ஏற்ற இறக்கமாக இருந்தால் நிலைக்கும்.

குட்டியென்றால் மூத்திரம். தூங்கி எழும்பியதும், சாப்பிட்டதும், விளையாடி முடிந்ததும், இரண்டு மாதக் குட்டியாக இருந்தால் விழித்திருக்கும் நேரத்தில் குறைந்தது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரமும் வெளியே கொண்டுபோங்கள். துண்டு உங்கள் பையில் இருக்கட்டும், இருந்து முடித்த இடத்திலேயே கொடுங்கள். உள்ளே வந்து பிரிட்ஜைத் திறந்து கொடுத்தால் அது உள்ளே வந்ததற்கான பரிசு. பம்பலப்பிட்டி ஃபிளாட்டில் ஐந்தாம் மாடியில் இருப்பவர்கள் லிஃப்டுக்கு நிற்கும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். மழைக்காலத்துக்குக் கூரையுள்ள ஒரு மூலையை இப்போதே பழக்கிவையுங்கள்.

புதுவருட வெடிக்கும் தீபாவளி வெடிக்கும் நடுங்கும் நாய்க்கு இறைச்சி கொடுத்தால் பயம் கூடும் என்று சொல்வார்கள். கூடாது. பயம் விரும்பிச் செய்யும் செயல் அல்ல. அணைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்குப் பின்னும் ஒரு துண்டு கொடுங்கள். தின்னவே மறுத்தால் பயம் அளவு கடந்துவிட்டது, அடுத்த வெடிக்காலத்துக்கு முன்னர் மிருக வைத்தியரைக் காணுங்கள்.

உறுமலுக்கு அடிக்காதீர்கள். ‘கிட்ட வராதே’ என்று சொல்ல நாய்க்கு இருக்கும் வழி அது. அடித்து அடக்கினால் உறுமல்தான் போகும், கோபமும் பயமும் இருந்தபடியே இருக்கும். அடுத்த தரம் எச்சரிக்கை இல்லாமல் நேரே கடிக்கும். உறுமினால் பிள்ளைகளை விலக்கி, எது கிட்ட வந்தபோது உறுமியது என்று குறித்துக்கொள்ளுங்கள். தின்னும்போதா, தொட்டபோதா, புது ஆளுக்கா. கடை மேசையில் “விலை கூடத் தம்பி” என்ற குரலைக் கேட்கும் அதே காதுதான் இங்கும் வேண்டும். கடித்துவிட்டால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு. விசர்நாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறவிடாதீர்கள்.

இறைச்சியைக் காட்டிக் காட்டிக் கூப்பிடுவது லஞ்சம், வந்த பிறகு கொடுப்பது கூலி. லஞ்சத்துக்குப் பழகிய நாய் கை வெறுமையாக இருந்தால் வராது. அதனால் முதல் மூன்று நாளுக்குப் பின் துண்டை ஒருபோதும் முன்கூட்டிக் காட்டவேண்டாம். பத்தில் எட்டுத் தரம் சரியாகச் செய்யத் தொடங்கியதும் ஒவ்வொன்றுக்கும் கொடுப்பதை விடுங்கள். இரண்டாவதுக்கு, நாலாவதுக்கு, மூன்றாவதுக்கு என்று ஒழுங்கில்லாமல் கொடுங்கள். இங்கே ஒழுங்கின்மை உங்கள் பக்கம் வேலை செய்யும், நல்ல பழக்கமும் அதே மாதிரித்தான் ஊறும். இறைச்சியின் இடத்துக்கு மெல்ல மெல்ல மற்றவை வரட்டும்: கேற்றைத் திறப்பது, சங்கிலியை மாட்டுவது, காலிமுகத்திடல் பக்கம் நடத்திக்கொண்டு போவது. கேற்றுக்கு முன்னால் இருந்தால்தான் கேற் திறக்கும் என்று வைத்தால், நாளுக்கு இரண்டு தரம் செலவில்லாத பாடம்.

பிழையான நொடியில் வாய் தவறி ‘டிக்’ சொல்லிவிட்டால் துண்டைக் கொடுத்தே ஆகவேண்டும், நாய் அப்போது சோஃபாவில் ஏறிக்கொண்டிருந்தாலும் சரி. ஒரு பிழையான துண்டால் பெரிய நட்டமில்லை. ‘டிக்’ சொல்லியும் துண்டு வராமல் போவது நாலைந்து தரம் நடந்தால் அந்தச் சொல்லுக்கு நாய் திரும்பிப் பார்க்காது. அப்படி ஆகிவிட்டால் முதல் நாளில் செய்த அதே இருபது தரத்தை, எதையும் கேட்காமல், திரும்ப ஒருமுறை செய்யுங்கள்.